ஒரே டைனிங் செட்டுக்கு மூணு எக்ஸ்போர்ட்டர் மூணு விலை, எது சரி?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். நானும் எங்க அக்காவும் சேர்ந்து மர பர்னிச்சர் ஹோல்சேலா இறக்கி விக்கலாம்னு இருக்கோம். ஒரு டைனிங் டேபிள், ஆறு சேர், இதோட போட்டோவை மூணு எக்ஸ்போர்ட்டருக்கு அனுப்பி விலை கேட்டோம். முதல் ஆள் சொன்ன விலையை 100-னு வச்சுக்கிட்டா ரெண்டாவது ஆள் 135 சொல்றார், மூணாவது ஆள் 72 சொல்றார். மூணு பேருமே தேக்குன்னுதான் சொல்றாங்க. 72 சொன்னவர் பாதிப் பணத்தை அட்வான்ஸா கேக்குறார். அக்கா 72-க்கே போயிடலாம்ங்கிறா, எனக்குப் பயமா இருக்கு. இந்த விலையெல்லாம் எதை வச்சு முடிவாகுது சார், யாரை நம்பறது?

பதில்:

தம்பி, "போட்டோவை அனுப்பி விலை கேட்டோம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கேள்விக்குப் பதில் அதுலயே இருக்கு. போட்டோல மரத்தோட நிறமும் டிசைனும்தான் தெரியும். மரம் எத்தனை வருஷத்து மரம், எவ்வளவு காய்ஞ்சிருக்கு, சேருக்கு அடியில ஜாயின்ட் எப்படி, எந்த அட்டைப் பெட்டியில வரப்போகுது, இது எதுவுமே போட்டோல தெரியாது. அதனால மூணு பேரும் அவங்கவங்க பேக்டரியில வழக்கமா எப்படிச் செய்வாங்களோ அப்படி ஒரு செட்டை மனசுல நினைச்சு அதுக்கு விலை போட்டிருக்காங்க. உங்க கையில இருக்கிறது ஒரு பொருளோட மூணு விலை இல்ல, மூணு வேற வேற பொருளோட விலை. இதுல இதுவரைக்கும் யாரும் உங்களை ஏமாத்தல. ஆனா இப்படியே ஆர்டர் போட்டீங்கன்னா நீங்களே உங்களை ஏமாத்திக்கிட்ட மாதிரி ஆயிடும்.

நான் இந்தத் தொழில்ல முதல்ல பேக்டரியில காஸ்டிங், அதாவது விலைக் கணக்கு, போட்டுக்கிட்டு இருந்தவன், அப்புறம் வாங்குறவங்க பக்கம் வந்து இன்ஸ்பெக்ஷன் பார்க்க ஆரம்பிச்சேன், ரெண்டு பக்கமும் உக்காந்து பார்த்ததால சொல்றேன்.

முதல்ல மரம். தேக்குன்னா எந்தத் தேக்கு? இந்தோனேசியாவுல ஜாவாத் தேக்கை லாக்கோட, அதாவது அறுக்காத உருண்டை மரத்தோட, விட்டத்தை வச்சே ஏ1, ஏ2, ஏ3-னு பிரிப்பாங்க, 20 சென்டிமீட்டருக்குக் கீழ ஏ1, 20-லருந்து 29 வரைக்கும் ஏ2, 30-ம் அதுக்கு மேலயும் ஏ3. மூணுமே தேக்குதான், யாரும் பொய் சொல்லல, ஆனா ஒரு கன மீட்டர் விலை ஏ1-க்கும் ஏ3-க்கும் மடங்குக் கணக்குல வித்தியாசப்படும். ஏன்னா சின்ன லாக்ல நடுவுல இறுகி வைரம் பாஞ்ச பகுதி கம்மி, ஓரத்துல வெளிறின வெள்ளைக்கட்டை ஜாஸ்தி, கணுவும் நிறைய இருக்கும், அகலமான பலகையே எடுக்க முடியாது. தேக்குக்கு இவ்வளவு பேர் வந்ததே அந்த வைரக்கட்டையால தான், பூச்சி அரிக்காது, அதுல இயற்கையாவே எண்ணெய் இருக்கு. வெள்ளைக்கட்டைக்கு அந்தக் குணம் கிடையாது. இப்ப அந்த வெள்ளைக்கட்டை மேல டார்க் பிரவுன் ஸ்டெயின் அடிச்சா உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அதனால சாம்பிள் கேக்கும்போது பாலிஷ் பண்ணாத துண்டு ஒண்ணும் சேர்த்துக் கேளுங்க, வெள்ளைக்கட்டை எத்தனை சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு ஆர்டர்ல எழுதி வாங்குங்க. இந்த ஒரு வரி எழுதினாலே சில பேர் விலையை மாத்துவாங்க, மாத்தட்டும், அதுதான் நிஜ விலை.

பேரையும் நம்பாதீங்க. ஆப்பிரிக்கன் டீக்னு சொல்றது பல சமயம் இரோகோ, பிரேசிலியன் டீக்னு விக்கிறது குமாரு, மலேசியன் ஓக்னு விக்கிறது சாதா ரப்பர் மரம். இதுல எதுவும் மோசமான மரம்னு நான் சொல்லல. ரப்பர் மரம் உண்மையிலேயே நல்ல மரம், 25, 30 வருஷம் பால் எடுத்து முடிச்ச பிறகு வெட்டுற மரங்கிறதால மலிவாக் கிடைக்குது, வெட்டின உடனே பூஞ்சை, பூச்சி வராம போரான் ட்ரீட்மென்ட் கொடுத்துட்டா சேருக்கெல்லாம் அருமையா இருக்கும். ஆனா ரப்பர் மரத்தை ரப்பர் மர விலைக்குத்தான் வாங்கணும். தாவரவியல் பேரைக் கேளுங்க. தேக்குன்னா டெக்டோனா கிராண்டிஸ், அதை இன்வாய்ஸ்ல எழுதித் தரச் சொல்லுங்க. எழுத யோசிக்கிறவர்கிட்ட நீங்களும் யோசிங்க.

இன்னொண்ணு, லாக் விலை ஏன் இவ்வளவு பெருசா பர்னிச்சர் விலையில ஏறுதுன்னு நிறைய பேருக்குப் புரியறதில்ல. ஒரு கன மீட்டர் லாக்கை அறுத்தா பலகையா வர்றது ஏறக்குறைய பாதிதான், மீதி தூளும் பட்டையும். அந்தப் பலகையில இருந்து கணு, வெடிப்பு, வளைவு எல்லாம் ஒதுக்கி சேர் காலும் முதுகும் வெட்டி, இழைச்சு, உப்புத்தாள் போட்டு எடுக்கும்போது அதுலயும் பெரிய பங்கு கழிஞ்சுடும். கடைசியில பர்னிச்சருக்குள்ள போய் உக்காரறது லாக்ல கால் பங்குலருந்து மூணுல ஒரு பங்குதான். அதனால உங்க டிசைன்ல ஒரு வளைஞ்ச பின்னங்கால் இருந்தா, அதை அகலமான பலகையில இருந்து வாழைப்பழம் மாதிரி வெட்டி எடுக்கணும், சுத்தியிருக்கிற மரம் வீண், அந்த வீணாப்போற மரத்துக்கும் நீங்கதான் காசு கொடுக்கறீங்க. நேரான காலா இருந்தா அதே மரத்துல இன்னும் ஒண்ணு ரெண்டு கால் கிடைக்கும். டேபிள் மேல்பலகையும் அப்படித்தான், மூணே மூணு அகலப் பலகையைச் சேர்த்துச் செஞ்சா ஒரு விலை, சின்னப் பட்டைகளா ஒட்டினா ஒரு விலை, துண்டு துண்டா விரல் கோத்த மாதிரி ஃபிங்கர் ஜாயின்ட் போட்டு நீளமாக்கினா இன்னும் குறைஞ்ச விலை, எம்டிஎஃப்னு சொல்ற, மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை மேல அரை மில்லிமீட்டர் தேக்குத் தகடு, அதாவது வெனீர், ஒட்டினா அது தனி உலகம். போட்டோல நாலும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்தது ஈரம். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதுலதான் நான் ஒரு தடவை சூடுபட்டிருக்கேன். வீட்டுக்குள்ள போடற பர்னிச்சருக்கு மரத்தோட ஈரம் 8-லருந்து 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும், குளிர்காலத்துல ஹீட்டர் ஓடற ஊருக்குப் போறதுன்னா இன்னும் கீழ் எல்லையில இருக்கணும். பச்சை மரத்தை அங்க கொண்டுவர கில்ன்ல, அதாவது காயவைக்கிற சூளையில, நாள் கணக்குல இல்ல வாரக்கணக்குல வைக்கணும். பலகையோட தடிமன் ரெண்டு மடங்கானா காயற நாள் ரெண்டு மடங்குக்கும் மேல போகும். அவ்வளவு நாள் பேக்டரிக்காரரோட காசு சூளைக்குள்ள தூங்குது, எரிபொருள் செலவாகுது, அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா மரம் வெடிச்சுடும், வெடிச்சது ரிஜெக்ட். இதெல்லாம் சேர்ந்துதான் விலை. விலையைக் குறைக்கணும்னு நினைக்கிற பேக்டரி முதல்ல கை வைக்கிறது இந்த நாட்கள் மேலதான், ஏன்னா ஷிப்மென்ட் அன்னிக்கு யார் கண்ணுக்கும் இது தெரியாது.

ஒரு வாடிக்கையாளருக்காக டேபிள் ஆர்டர் ஒண்ணை நான் செக் பண்ணினேன், கால் ஒவ்வொண்ணும் 80 மில்லிமீட்டர் கனம். ஈரம் அளக்கிற மீட்டரை வச்சுப் பார்த்தேன், எல்லாக் கால்லயும் 10, 11-னு வந்துச்சு, பாஸ் பண்ணிட்டேன். குளிர்காலம் ஆரம்பிச்சதும் ஒவ்வொரு வீட்டுலருந்தா போன் வர ஆரம்பிச்சது, கால் நெட்டுக்கு வெடிச்சிருக்குன்னு. திரும்பி வந்த ஒரு காலை வாங்கி நடுவுல குறுக்கா அறுத்துப் பார்த்தேன், வெளி வளையம் வெளிறிக் காய்ஞ்சு போயிருக்கு, நடுவுல கட்டை விரல் அகலத்துக்கு நிறமே வேற, கையை வச்சா சில்லுன்னு இருக்கு, மீட்டர் ஊசியை அங்க குத்தினா 18 காட்டுச்சு. அத்தனை மாசத்துக்கு அப்புறமும் 18. ஒரு இன்ச் பலகையும் அந்த 80 மில்லிமீட்டர் கட்டையும் ஒரே சூளையில ஒரே நாள் கணக்குல காய வச்சிருக்காங்க. அந்த வாடிக்கையாளர் நல்ல மனுஷன், என்னைத் திட்டல, ஆனா அந்த வருஷ லாபம் முழுக்க டேபிள் மாத்திக் கொடுக்கிறதுலயே போச்சு, எனக்கு இன்னிக்கும் அது உறுத்தல். அதுலருந்து ஒவ்வொரு லாட்லயும் ஒரு காலை அறுத்துப் பார்க்காம நான் கையெழுத்துப் போடறதில்ல. நீங்களும் ஆர்டர்லயே எழுதிடுங்க, ஈரம் நடுவுல எவ்வளவு இருக்கணும், ஒரு பீஸை வெட்டிப் பார்ப்போம், வெட்டின பீஸுக்கு நாங்க காசு தர்றோம்னு. அந்த ஒரு பீஸ் காசு போனாப் போகுது.

கணக்கு தெரிஞ்சா இன்னும் நல்லாப் புரியும். தேக்கு நிறைய மரங்களை விடக் கம்மியாச் சுருங்கற மரம், அதுவே 90 சென்டிமீட்டர் அகல டேபிள் டாப் 16 சதவீத ஈரத்துலருந்து 8-க்கு இறங்கினா, பலகை அறுத்த வாட்டத்தைப் பொறுத்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல கூட சுருங்கும். அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கேயாவது வெளிய வந்துதானே ஆகணும், ஒண்ணு பலகை நடுவுல பிளக்கும், இல்ல ஜாயின்ட் விடும்.

ஜாயின்டுன்னதும் சொல்றேன், சாம்பிள் சேர் வந்தா முதல்ல உக்காந்து பார்க்காதீங்க, தலைகீழாக் கவுத்துப் போட்டுப் பாருங்க. சீட்டுக்கு அடியில நாலு மூலையிலயும் முக்கோணக் கட்டை இருக்கா, அது வெறும் பின் அடிச்சதா, இல்ல பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கினதா. காலும் குறுக்குச் சட்டமும் சேர்ற இடத்துல ஒரு கட்டையோட நாக்கு இன்னொரு கட்டையோட துளைக்குள்ள போய் உக்கார்ற மாதிரி மார்ட்டிஸ் டெனான் இருக்கா, இல்ல டவல்னு சொல்ற உருண்டைக் குச்சி ரெண்டு மட்டும்தானா. டவல் மோசம்னு இல்ல, நல்ல மெஷின்ல சரியான அளவுல துளை போட்டா நல்லாவே நிக்கும், ஆனா கைத் துளையில ஆடும். அடிப்பக்கம் உப்புத்தாள் போட்டிருக்காங்களா இல்ல சிராய் கையைக் குத்துதான்னு தடவிப் பாருங்க. யாரும் பார்க்காத இடத்துல எவ்வளவு வேலை செஞ்சிருக்காங்கன்னு பார்த்தா அந்தப் பேக்டரியோட விலை எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுடும்.

பாலிஷ் விஷயம் சுருக்கமாச் சொல்றேன். எண்ணெய், மெழுகு மலிவு, என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் நடுத்தரம், பியூ (பாலியூரித்தேன்) அதுக்கு மேல. ஆனா கெமிக்கல் விலையை விட கூலிதான் இதுல ஜாஸ்தி, 120 நம்பர் உப்புத்தாளோட நிறுத்தறவங்களும் இருக்காங்க, 180, 240-னு ஏறிப் போய் ஒவ்வொரு கோட்டுக்கு நடுவுலயும் திரும்பத் தேய்க்கிறவங்களும் இருக்காங்க, கையை வச்சா தெரிஞ்சுடும். எத்தனை கோட்டு, என்ன பளபளப்புன்னு எழுதிக் கேளுங்க. டிராயர் இருந்தா ஸ்லைடு, கீல் எந்த பிராண்டுன்னும் கேளுங்க. குஷன் சீட்டா இருந்தா ஃபோம் டென்சிட்டி எவ்வளவுன்னு கேளுங்க, பிரிட்டன்ல 1988-லருந்தும் அமெரிக்காவுல 2021-லருந்து நாடு முழுக்கவும் குஷன் தீப்பிடிக்கிறது பத்தின விதி இருக்கு, அந்த மாதிரி ஊருக்கு அனுப்பிப் பழகின பேக்டரி அந்தச் செலவைச் சேர்த்தே விலை சொல்லும்.

இப்ப உங்க லெட்டர்ல வராத ஒரு விஷயத்துக்கு வர்றேன், நீங்க ரொம்ப யோசிக்க வேண்டியது இதுதான். பர்னிச்சர்ங்கிறது காத்தை ஏத்திக்கிட்டுப் போற சரக்கு. கன்டெய்னர் எடையால நிரம்பறதுக்கு முன்னாடி பெரும்பாலும் இடத்தாலதான் நிரம்பும். ஹைகியூப்னு சொல்ற உயரம் கூடின 40 அடி கன்டெய்னர் உள்ள ஏறக்குறைய 76 கன மீட்டர், சிபிஎம்னு சொல்லுவோம், ஆனா பெட்டிகளை அடுக்கினா 65-லருந்து 68 வரைக்கும்தான் ஏறும். 20 அடியில 33 இருக்கும், ஏறறது 26, 28. இப்ப ஒரு கணக்குப் போடுவோம். கப்பல் வாடகை, துறைமுகச் செலவு, லாரி எல்லாம் சேர்ந்து ஒரு 40 அடிக்கு 6,600 ஆகுதுன்னு வைங்க, எந்த நாணயமா இருந்தாலும் சரி, கணக்குக்காகத்தான். 66 சிபிஎம் ஏறினா ஒரு சிபிஎம்முக்கு 100. சேரை முழுசா ஜோடிச்சு தனித்தனிப் பெட்டியில போட்டா, 48-க்கு 56-க்கு 95 சென்டிமீட்டர் பெட்டின்னா 0.255 சிபிஎம், ஒரு சேருக்கு வழிச்செலவு மட்டும் 25-க்கு மேல. ரெண்டு சேரை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து ஒரே பெட்டியில போட்டா ஒரு சேருக்கு 0.18-க்குப் பக்கத்துல வரும், செலவு 18. காலைக் கழட்டி வைக்கிற மாதிரி, நாக்டவுன்னு சொல்லுவாங்க, அப்படி டிசைன் பண்ணி ஒரு சேருக்கு 0.10-ல அடக்கினா செலவு 10.

ஒருத்தர் சேரை 45-க்குத் தர்றார், ஜோடிச்சு தனிப் பெட்டியில. இன்னொருத்தர் 50-க்குத் தர்றார், நாக்டவுன். விலைப் பட்டியல்ல 45 மலிவு. உங்க குடோன்ல இறங்கும்போது முதலாவது 70-ஐத் தாண்டுது, ரெண்டாவது 60. கன்டெய்னர் வாடகை ஏற ஏற இந்த வித்தியாசம் இன்னும் விரியும். 2021-ல கொரோனா நெருக்கடியில வாடகை பல மடங்கு ஏறினதையும், 2023 கடைசியிலருந்து செங்கடல் பிரச்சனையால கப்பலெல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுத்திப் போக ஆரம்பிச்சதையும் பார்த்தவங்களுக்கு இது தெரியும், சேரை விட சேருக்கான இடம் விலை ஜாஸ்தியான நாளெல்லாம் இருந்துச்சு. அதனால ஒவ்வொரு கொட்டேஷன்லயும் ஒரு பெட்டி எத்தனை சிபிஎம், ஒரு கன்டெய்னர்ல எத்தனை செட் ஏறும்னு கேளுங்க. இதைச் சொல்லத் தெரியாதவர் ஏத்துமதி பண்ணிப் பழகாதவர்னு நான் முடிவு பண்ணிடுவேன். நாக்டவுன்ல ஒரு விஷயம், போல்ட்டும் துளையும் கச்சிதமா இருந்தாத்தான் அது லாபம், இல்லேன்னா உங்க குடோன்ல ஒரு ஆளைப் போட்டு ஒவ்வொரு சேரா ராவிச் சரி பண்ணிக்கிட்டு இருக்கணும்.

பெட்டியையும் விடாதீங்க. 5 பிளை அட்டையா 7 பிளையா, மூலைக்குக் காப்பு இருக்கா, கன்டெய்னருக்குள்ள ஈரம் உறிஞ்சற பை தொங்கவிடுறாங்களான்னு பாருங்க. அடியில மரப் பலகையால செஞ்ச பேலட்டோ மரக் கூடோ வச்சா அதுக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கணும், அது மரத்துல பூச்சி நாடு விட்டு நாடு பரவாம இருக்கப் போட்ட உலக விதி, மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் சூடாகியிருக்கணும்ங்கிறது அதுல ஒரு முறை, முத்திரை இல்லேன்னா துறைமுகத்துல சரக்கு நின்னுடும்.

அடுத்து, மூணு பேரும் எந்த இடம் வரைக்கும் விலை சொல்லியிருக்காங்க? நீங்க எழுதலை, அவங்களும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். எக்ஸ் வொர்க்ஸ்னா பேக்டரி வாசல்ல உங்ககிட்ட விட்டுடுவார், லாரி, ஏத்துமதிக் கஸ்டம்ஸ் எல்லாம் உங்க தலையில. எஃப்ஓபின்னா அவங்க துறைமுகத்துல கப்பல்ல ஏத்தற வரைக்கும் அவர் செலவு. சிஐஎஃப்னா உங்க துறைமுகம் வரைக்கும் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்த்து, ஆனா அந்த இன்சூரன்ஸ் இன்கோடெர்ம்ஸ் 2020-ங்கிற உலக வியாபார விதிப்படி குறைஞ்சபட்சக் கவர்தான், கப்பல் முழுகினா, தீப்பிடிச்சா காசு வரும், பெட்டி நசுங்கி சேர் கால் உடைஞ்சா வராது. 72-ங்கிறது பேக்டரி வாசல் விலையாவும் 135-ங்கிறது உங்க துறைமுக விலையாவும் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மூணு பேர்கிட்டயும் எஃப்ஓபி கேளுங்க, துறைமுகப் பேரோட, ஒரே மாதிரி. கன்டெய்னர் நிரம்பாத சரக்கை மத்தவங்க சரக்கோட சேர்த்து, எல்சிஎல்னு சொல்லுவாங்க, அப்படிக் கொண்டுவந்தா கப்பல் வாடகை ரொம்பக் கம்மியாத் தெரியும், உங்க துறைமுகத்துல இறங்கினப்புறம் ஏஜென்ட் போடற பில்தான் கண்ணைக் கட்டும், அதனால அந்த பில்லையும் முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க.

காகிதமும் விலைதான் தம்பி. காட்டைப் பொறுப்பாப் பராமரிச்சு வெட்டின மரம்னு சொல்ற எஃப்எஸ்சி சர்டிபிகேட் வேணும்னா காட்டுலருந்து பேக்டரி வரைக்கும் ஒவ்வொரு கையும் சர்டிபிகேட் வச்சிருக்கணும், அந்த மரமே விலை கூட. அமெரிக்காவுல சட்டவிரோதமா எடுத்த விலங்கு, தாவர வியாபாரத்தைத் தடுக்கிற லேசி சட்டத்துல 2008-லருந்து மரமும் வந்துடுச்சு, மரத்தோட பேரும் வெட்டின நாடும் சொல்லணும். ஐரோப்பிய யூனியன்ல 2013-ல மரச் சட்டம் அமலுக்கு வந்துச்சு, 2023-ல காடழிப்புக்கு எதிரான புதுச் சட்டம் வேற நிறைவேத்தியிருக்காங்க, அமல் தேதி தள்ளிப் போனாலும் மரம் வெட்டின நிலம் எங்க இருக்குன்னு புவிக்குறியீட்டோட காட்டணும்ங்கிறது அதுல இருக்கு. ரோஸ்வுட், சீஷம் எல்லாம் டால்பெர்ஜியா பேரினம், அந்தப் பேரினம் முழுக்க 2017 ஜனவரி 2-லருந்து சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு, அழியற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம் அது, தேவையான அனுமதிப் பேப்பர் இல்லாம வந்தா பறிமுதல் ஆகலாம். நீங்க எந்த நாட்டுல இறக்குறீங்களோ அந்த நாட்டு விதியை கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட முதல்லயே கேட்டுக்குங்க, சேர் வகைக்கு 9401, டேபிளுக்கு 9403-ன்னு தனித்தனி எச்எஸ் கோடு, கஸ்டம்ஸ்ல சரக்கை வகை பிரிக்கிற நம்பர் அது, வரியும் வேற வேறயா இருக்கலாம். எந்த நாட்டுலருந்து வருதுங்கிறதும் வரியை மாத்தும், அமெரிக்கா 2005-லருந்து சீன மரப் படுக்கையறை பர்னிச்சருக்கு ஆன்டி டம்பிங் வரி, அதாவது நியாயமில்லாத குறைஞ்ச விலைக்கு வந்து குவியறதைத் தடுக்கிற வரி, போட்டுக்கிட்டு இருக்கு, அதுக்கப்புறம் எத்தனையோ ஆர்டர் வியட்நாமுக்கு மாறிப் போச்சு.

எவ்வளவு வாங்குறீங்கங்கிறதும் முக்கியம். மெஷின்ல பிளேடு மாத்தி, அளவு செட் பண்ணி, ஒரே அளவுல வெட்ட ஜிக்ங்கிற அச்சு செஞ்சு முதல் கால் சரியா வர்ற வரைக்கும் ஆகுற நேரம் 20 சேருக்கும் ஒண்ணுதான் 200 சேருக்கும் ஒண்ணுதான். அதனால ஒரு கன்டெய்னர்ல பத்து டிசைன் கலந்து கேட்டா ஒவ்வொண்ணும் விலை ஏறும், மூணு நாலு டிசைனோட நிறுத்தினா இறங்கும். முதல் ஆர்டர்லயே, ரெண்டாவது தடவை இதே டிசைன் எடுத்தா என்ன விலைன்னு கேட்டு வாங்கிக்குங்க, செட்டப் செலவு அப்ப இருக்காது, குறைக்க வேண்டியது நியாயம். கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும்னும் பாருங்க, மர விலையும் கரன்சியும் ஆடறதால நிறைய பேர் 30 நாள்தான் தருவாங்க.

இப்ப அந்தப் பாதிப் பண அட்வான்ஸ். இந்தத் தொழில்ல 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 70 பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது, அதோட காப்பி வந்ததும்ங்கிறது ரொம்பப் பரவலான பழக்கம். 50 கேக்குறார்ங்கிறதாலயே அவர் மோசடிக்காரர்னு நான் சொல்ல மாட்டேன், சின்னப் பட்டறைக்காரர் உங்க காசுலதான் மரம் வாங்கப் போறார்னு அர்த்தம், அதனாலதான் அவர் விலையும் கம்மியா இருக்கலாம். ஆனா அவர் அவசரத்துக்கு மரம் வாங்கினா காய வைக்க நாள் எங்க இருக்கும்? நான் சூடுபட்ட கதை அங்கதான் ஆரம்பிச்சது. 30-க்கு ஒத்துக்க மாட்டாருன்னா, 30 இப்ப, 20 மரம் சூளையிலருந்து வெளிய வந்து ஈரம் அளந்த பிறகு, மீதி ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு சரக்கு ஏறினதும்னு பிரிச்சுக் கேளுங்க. நேர்மையான ஆளா இருந்தா இதுக்கு வழி சொல்லுவார். பேங்க் கணக்கு கம்பெனி பேர்லயே இருக்கணும், தனி ஆள் பேருக்கு அனுப்பாதீங்க, நடுவுல "எங்க அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சு"ன்னு மெயில் வந்தா போன் பண்ணி அவர் குரலைக் கேட்டப்புறம்தான் அனுப்புங்க, மெயிலுக்குள்ள புகுந்து பணத்தைத் திருப்பறவங்க இந்தத் தொழிலைச் சுத்தி நிறைய.

அந்த 135-காரரையும் உடனே தள்ளிடாதீங்க. நடுவுல ஒரு டிரேடிங் கம்பெனியோட பங்கு அதுல இருக்கலாம், அப்படின்னா அந்தப் பங்குக்கு அவர் என்ன செய்யறார்னு கேளுங்க, இன்ஸ்பெக்ஷன் பார்த்து உடைஞ்சதுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டா அது வீண் காசு இல்ல. இல்ல அவர் ஏ3 மரமும் சர்டிபிகேட்டும் 7 பிளை பெட்டியும் வச்சுக் கணக்குப் போட்டிருக்கலாம். உங்க கடைக்கு அவ்வளவு வேணுமாங்கிறது நீங்களும் அக்காவும் உக்காந்து பேச வேண்டியது.

இந்த வாரம் இதைச் செய்யுங்க. ஒரே ஒரு பக்கத்துல எழுதுங்க: மரத்தோட தாவரவியல் பேர், லாக் கிரேடு, வெள்ளைக்கட்டை எவ்வளவு வரைக்கும், நடு ஈரம் எவ்வளவு, ஒவ்வொரு பாகத்தோட கனம், டேபிள் டாப் எத்தனை பலகை, ஜாயின்ட் வகை, பாலிஷ் வகை எத்தனை கோட்டு, நாக்டவுனா ஜோடிச்சதா, பெட்டி அளவு, கன்டெய்னருக்கு எத்தனை செட், எந்தத் துறைமுகத்துல எஃப்ஓபி. அதை மூணு பேருக்கும் ஒரே மாதிரி அனுப்பி விலை கேளுங்க. 72 மேல ஏறும், 135 கொஞ்சம் இறங்கினாலும் இறங்கும், என் அனுபவத்துல அப்படித்தான் நடக்கும். அப்புறம் ரெண்டு பேர்கிட்ட சாம்பிள் சேர் வாங்குங்க, சாம்பிளுக்கு விலை கூடத்தான் கேப்பாங்க, ஆர்டர் போட்டா கழிச்சுக்கிறோம்னு நிறைய பேர் ஒத்துக்குவாங்க. ரெண்டையும் ஒரு மாசம் உங்க வீட்டு டைனிங் டேபிள் பக்கத்துல போட்டு எல்லாரும் உக்காருங்க, அப்புறம் ஒண்ணை ரம்பத்தால அறுங்க. மனசு வராதுதான், ஆனா அறுங்க, அக்காவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு அறுங்க. மூணு பேரோட புது விலையும் அறுத்த கட்டையோட போட்டோவும் எனக்கு அனுப்பினா பார்த்துட்டு எழுதறேன்.